ஷூட்அரவுண்ட் என்றால் பயிற்சியா?

வணக்கம். ஒரு நேயர் அனுப்பிய கூடைப்பந்துக் கேள்வியை இன்று முதலில் எடுத்துக்கொள்கிறேன். படித்ததிலிருந்து அது என்னை விடவில்லை. அவர் கேட்கிறார்: "என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) செய்திகளில், 'காலையில் ஷூட்அரவுண்டில் கலந்துகொண்டார், ஆனால் இரவு ஆட்டத்தில் இறங்குவது சந்தேகம்' என்று சொல்கிறார்கள். ஷூட்அரவுண்ட் என்பது பயிற்சிதானே? பயிற்சி செய்ய முடிந்தவரால் ஏன் ஆட முடியாது? எங்கள் அணிக்கும் இது தேவையா?"

அருமையான கேள்வி. ஷூட்அரவுண்ட் என்பது ஆட்டம் நடக்கும் அன்றே, பெரும்பாலும் காலையில், அணி கூடி நடத்தும் ஓர் இலேசான அமர்வு. ஒரு மணி நேரம் போல நீடிக்கும். வளையத்தைச் சுற்றி நின்று பந்து எறிவார்கள். எதிரணி இன்றிரவு என்ன ஆட்டமுறைகளைக் கொண்டுவரும், அப்போது யார் யாரைத் தடுப்பது என்பதை நடந்து பார்ப்பார்கள். நடந்துதான், ஓடி அல்ல. மோதல் கிடையாது, மூச்சு வாங்காது. ஆகவே கணுக்கால் சுளுக்கிய ஒருவர் அதில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். முழு வேகத்தில் ஓடிச் சட்டென்று திரும்ப முடியுமா, குதித்து ஒற்றைக் காலில் இறங்க முடியுமா என்பதற்கு அங்கே விடை கிடைக்காது. செய்தியில் அந்தச் சந்தேகம் தொங்கி நிற்பது இதனால்தான்.

ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ரசிகர்கள் பார்க்க, வளையத்தருகே ஓடிவந்து குதித்து, வரிசையாக லே-அப் போடுகிறார்களே, அது வார்ம்-அப். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேச்சு வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. நான்கைந்து பேர் ஒரு வளையத்தின் கீழ் கூடி, ஆட்டம் எதுவும் வைக்காமல் சும்மா எறிந்துகொண்டிருந்தால் அதையும் ஷூட்அரவுண்ட் என்றுதான் சொல்கிறார்கள். அதிலும் ஒரு மரியாதை உண்டு: எறிந்த பந்து வளையத்தில் விழுந்தால், கீழே நிற்பவர் அதைப் போட்டவருக்கே திருப்பிக் கொடுப்பார். தவறினால் எடுத்தவருக்குச் சொந்தம். எங்கும் எழுதி வைக்காத இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்பிஏவில் இந்தக் காலை வழக்கத்தை நிலைநாட்டியவர் பில் ஷார்மன். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஆடிய காலத்திலேயே, ஆட்ட நாள் காலையில் தானாகப் போய்ப் பந்து எறிந்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இருந்தது. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதலான ஃப்ரீ த்ரோவில் அவர் காலத்தின் மன்னர். வாழ்நாள் கணக்கில் நூற்றுக்கு எண்பத்தெட்டு விழுந்திருக்கிறது. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் பயிற்சியாளராக வந்ததும் அந்தப் பழக்கத்தை மொத்த அணிக்கும் கொண்டுவந்தார். தடை என்று பார்த்தால் அணியின் நட்சத்திர வீரர் வில்ட் சேம்பர்லைன். காலைத் தூக்கத்தை விடாத மனிதர். ஷார்மன் பொறுமையாக எடுத்துச் சொல்ல, அவரும் வந்தார். அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்றது. அந்தச் சாதனை இன்றுவரை முறியவில்லை. மொத்தம் 69 வெற்றி, 13 தோல்வி, கடைசியில் கோப்பை. கத்திக் கத்தியே ஷார்மனின் குரல் அந்தப் பருவத்தில் கெட்டுப்போனது. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இப்போது நான் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அதே பருவத்தில் சேம்பர்லைனின் ஃப்ரீ த்ரோ எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு நாற்பத்திரண்டு! உலகத்திலேயே சிறந்த ஃப்ரீ த்ரோ ஆசான் பக்கத்தில் நிற்கிறார், ஆட்ட நாள் தவறாமல் ஷூட்அரவுண்டும் நடக்கிறது. ஆனாலும் கை திருந்தவில்லை. ஏனென்றால் அது திருத்துகிற இடமே அல்ல. கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கிறோம், அந்த நேரத்தில் யாரும் புதுக் கீர்த்தனை பாடம் செய்வதில்லை. ஷூட்அரவுண்டும் அப்படித்தான். ஏற்கெனவே கைக்கு வந்ததை அன்றைக்குத் தட்டி எழுப்பும் வேலை மட்டும்தான் அது.

அதனால் "எங்கள் அணிக்குத் தேவையா" என்பதைவிட, "அந்த நேரத்தில் எங்கிருந்து எறியத் தொடங்க வேண்டும்" என்று அந்த நண்பர் கேட்டிருக்கலாம். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பதில் தெரியும்: கிட்டே இருந்து. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பெரும்பாலான இளைஞர்கள் களத்தில் இறங்கியதும் நேராக, தொலைவில் இருக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போகிறார்கள், சிலர் நடுக்கோட்டுக்கே போகிறார்கள். உடல் இன்னும் சூடாகவில்லை, அதனால் தோளால் தள்ளுகிறார்கள், பந்து தட்டையாகப் போகிறது. வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து ஏறத்தாழ 24. மேலிருந்து பார்த்தால் தாராளமான வாய். ஆனால் பந்து சாய்ந்து வரவர அந்த வாய் குறுகும். 45 பாகைக் கோணத்தில் இறங்கும் பந்துக்குக் கிடைக்கும் வழி 32 சென்டிமீட்டர்தான். 30 பாகைக்குத் தாழ்ந்தால் 22.5. பந்தைவிடக் குறைவு! விளிம்பைத் தொடாமல் உள்ளே போக வழியே இல்லை. வளையத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஒரு கையால், விளிம்பில் படாமல் போட்டுப் பாருங்கள். பந்தை உயர்த்தாமல் முடியவே முடியாது. அந்த உயரம் கைக்குத் தெரிந்த பிறகு ஓரடி பின்னால் போங்கள், பிறகு இன்னும் ஓரடி.

தேவையா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் கூடுதலாகத் தூங்க வைத்தபோது, ஃப்ரீ த்ரோவும் மூன்று புள்ளி எறிதலும் ஒன்பது சதவீதம் அளவுக்கு உயர்ந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரவு ஆட்டமும் விமானப் பயணமுமாக அலையும் என்பிஏ அணிகள் பலவும் காலை அமர்வைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. உங்கள் ஆட்டம் மாலையில் என்றால், நன்றாகத் தூங்கி எழுந்து, அரை மணி நேரம் செய்யுங்கள். கிட்டே இருந்து தொடங்குங்கள், எதிரணியின் இரண்டு ஆட்டமுறைகளை நடந்து பாருங்கள், கடைசியில் ஃப்ரீ த்ரோ. அதையும் இரண்டு இரண்டாகப் போடுங்கள், இரண்டு எறிந்ததும் கோட்டிலிருந்து விலகி, சுற்றி வந்து மறுபடி நில்லுங்கள். ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்று யாரும் தொடர்ந்து இருபது ஃப்ரீ த்ரோ எறிவதில்லை.