பல்லுக்கு உறுதியா, காப்புறுதியா?

நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம், விரதத்தை ஈடுகட்டுகிற வேகத்தில் சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஆட்டு எலும்பைக் கடித்தேன். வாயில் ஏதோ நறநறத்தது. துப்பிப் பார்த்தால், அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு துண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் அடைத்த கடைவாய்ப்பல்லின் ஓரம். மெல்லிய தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஏதோ ஒட்டிவிடலாம் என்பதுபோல.

சொத்தை நரம்புவரை இறங்கிவிட்டது, வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்றார் மருத்துவர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நீட்டிய மதிப்பீட்டுத் தாளில், வரியோடு சேர்த்து 2,000 வெள்ளிக்குச் சற்று மேல். மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “அறுவை சிகிச்சைக்குத்தான் அங்கிள்” என்றார். அவர் சொன்னது சரி. ஈறை வெட்டி எடுக்கும் புதைபல், தாடையில் பதிக்கும் செயற்கைப்பல் இவற்றுக்கெல்லாம் மெடிசேவ் உண்டு. பல் சுத்தம், அடைப்பு, வேர் சிகிச்சை, உறை, கழற்றி மாட்டும் பல்செட், பிள்ளைகளின் பல் கம்பி ஆகியவற்றுக்குப் பொதுவாகக் கிடையாது. எல்லாருக்குமான அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் விபத்தில் பல் அடிபட்டால்தான் திரும்பிப் பார்க்கும். ஆட்டு எலும்பை விபத்து என்று வாதாடிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா பல் காப்புறுதி ஒன்றை வாங்கினார். கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னிடம் காட்டினார். வீண் செலவு என்றேன். அதற்கு நான் சொன்ன காரணத்தை இன்றும் மறுக்கமாட்டேன்.

வீடு தீப்பிடிப்பது அபூர்வம். பிடித்தால் குடும்பமே நடுத்தெருவுக்கு வரும். அதற்குத்தான் காப்புறுதி. பல் அப்படியில்லை. எல்லாருக்கும் எப்போதாவது வரும், செலவுக்கும் ஓர் எல்லை உண்டு. தவிர, எந்தப் பல் கூசுகிறது என்று நமக்கு முன்னாலேயே தெரியும். பல் கூசுகிறவர்தான் ஓடிப்போய்த் திட்டம் வாங்குவார் என்று நிறுவனத்துக்கும் தெரியும். அதனால்தான் பெரிய சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருந்த கோளாறுக்கு விலக்கு, பட்டியலில் உள்ள மருந்தகங்களுக்கு மட்டும் போகலாம் என்ற நிபந்தனை எல்லாம் வருகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆண்டு உச்சவரம்பு. விளம்பரத்தாளை யாராவது நீட்டினால் சிரிக்கும் குடும்பத்தின் படத்தை விட்டுவிட்டு முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆண்டுச் சந்தா 360 வெள்ளி. இரண்டு முறை பல் சுத்தம் இலவசம், அதன் மதிப்பு 200 வெள்ளி. பெரிய சிகிச்சைக்குப் பாதித் தொகை. ஆனால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 800 வெள்ளிக்கு மேல் கிடையாது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறை என்னைப்போல் 2,000 வெள்ளிப் பல் வந்தது என்று வையுங்கள். கட்டியது 1,440. மூன்று நல்ல ஆண்டுகளில் கிடைத்தது 600, கெட்ட ஆண்டில் 800, ஆக 1,400. நாற்பது வெள்ளி கைநட்டம். அந்த 800-இல் 200 பல் சுத்தத்துக்கே போய்விடுவதால், பெரிய பில்லில் 1,400 வெள்ளியை நாமே கட்டியிருப்போம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். சாஸ் என்ற அரசாங்க மருந்தக மானியத் திட்டத்தின் நீல அட்டை, ஆரஞ்சு அட்டை வைத்திருப்போருக்கும், மெர்டேக்கா, முன்னோடித் தலைமுறை என்று அழைக்கப்படும் மூத்தோருக்கும் பல் சிகிச்சைக்கு மானியம் உண்டு. எதற்கு எவ்வளவு என்பது அட்டையைப் பொறுத்தது. பச்சை அட்டைக்குப் பல் மானியம் இல்லை. பலதுறை மருந்தகத்தில் கட்டணம் குறைவு, பொறுமைதான் நிறைய வேண்டும். வேலையிடத்தில் பல் செலவுக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை தருகிறார்களா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கேட்காமலே டிசம்பர் 31 கடந்து அந்தப் பணம் காலாவதியாகிப் போவதை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஜொகூர் பாருவுக்குப் போவோரும் உண்டு, திருச்சிக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோரும் உண்டு. பல் சுத்தத்துக்குச் சரி. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை நாற்காலியில் உட்கார வேண்டிவரலாம்; இரவில் வீங்கிக்கொண்டால் பாலத்தைக் கடந்து ஓட முடியுமா?

இவ்வளவும் அன்று அக்காவிடம் சொன்னதுதான். சரியான கணக்குதான், ஆனால் அதற்குள் என்னை வைத்துப் பார்க்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டதே என்று அக்கா ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் பல் மருத்துவரிடம் போய்வந்தார். அப்படிப் போன ஒருமுறைதான் அவருடைய கடைவாய்ப்பல்லில் கடுகளவு ஓட்டை தெரிந்து, அன்றே அடைத்துவிட்டார்கள். நான் சந்தா 360 வெள்ளியை மிச்சம் பிடித்தேன். பல் சுத்தத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டிய 200 வெள்ளியையும் சேர்த்து மிச்சம் பிடித்தேன். நான்கு ஆண்டுகள் மருத்துவர் பக்கமே போகவில்லை. வலிக்காத பல்லை எதற்குக் காட்டுவது என்று இருந்துவிட்டேன்.

ஆகவே கேட்போருக்கு இப்போது நான் சொல்வது கொஞ்சம் மாறியிருக்கிறது. காப்புறுதி இல்லாமலே ஆண்டுக்கு இரண்டு முறை போய்விடுவீர்கள் என்றால் சந்தாப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், அது போதும். என்னைப்போல் ஆளாக இருந்தால், நல்ல ஆண்டில் கூடுதலாகப் போகும் அந்த 160 வெள்ளி, பின்னாலிருந்து தள்ளிவிடும் கைக்குக் கொடுக்கிற கூலி. அந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்று பாருங்கள்.

அக்காவின் திட்டத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். சந்தா கூடியிருக்கிறது. “பார்த்துச் சொல்” என்று தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்று நாளாகிறது, நான் இன்னும் பதில் போடவில்லை. வியாழக்கிழமை உறைக்கு அளவெடுக்கப் போகிறேன். துணைக்கு அவர்தான் வருகிறார்.

நன்றி, வணக்கம்.