பிட்ஸ்பர்க் 13ஆம் அலைவரிசைக்கு நம் வீட்டுப் பங்கு

(பிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் இலையுதிர்காலக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

ஊர்ப் பொதுவாழ்வில் தமிழர் பங்கு என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். மிகப் பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். விளம்பரத்தை நம்பாமல் நன்கொடையை நம்பி நடக்கும் இந்த ஊரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம், 13ஆம் எண்ணில் வருகிற டபிள்யூ க்யூ ஈ டி. நம் வீடுகளில் அதைப் பார்ப்பவர்கள் நிறைய. அதன் உறுப்பினராகப் பணம் கட்டுகிறவர்கள் குறைவு. இது மாற வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊர்ப்பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வசதியுள்ளவர் பந்தலுக்கோ வாண வேடிக்கைக்கோ தனியாகக் கொடுப்பார், அது வேறு கணக்கு. தலைக்கட்டு வரி அப்படியல்ல. வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே தொகை. பெரிய வீட்டுக்காரரும் அதையே கட்டுவார், கூலி வேலைக்குப் போகிறவரும் அதையே கட்டுவார். கட்டியபின் 'எங்கள் திருவிழா' என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

1952இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் நாடு முழுவதும் 242 தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கல்விக்கென்று ஒதுக்கி வைத்தது. அந்த ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃப்ரீடா ஹென்னாக் விடாமல் போராடியதன் பலன் அது. விளம்பர நிலையங்கள் எல்லா எண்களையும் வாரிக்கொள்ளும் முன்னே சிலவற்றையாவது மக்களுக்கென்று மறித்து வைத்தார். இவ்வளவு பெரிய காரியம் செய்த பெண்மணியின் பெயர் இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அலைவரிசைதான் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நிலையம் கட்ட, கருவி வாங்க, ஆள் வைக்க அந்தந்த ஊர்தான் வழி பார்க்க வேண்டும்.

பிட்ஸ்பர்க் அப்போது எஃகு நகரம். அறக்கட்டளைகளும் பெரிய நிறுவனங்களும் கை கொடுத்தன. அதோடு விட்டிருந்தால் அது பணக்காரர்களின் நிலையமாக ஆகியிருக்கும். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். குடும்பத்துக்கு 2 டாலர் கேட்டார்கள். ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும் அதே 2 டாலர். இப்படிச் சேர்ந்த பணத்தோடு 1954 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. ஊர் மக்களே பொறுப்பேற்று நடத்திய முதல் தொலைக்காட்சி நிலையம் என்று அமெரிக்க ஒளிபரப்பு வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது.

தொடங்குவதற்கு முந்தின இரவு ஒரு விருந்து. அப்போதைய நிலைய மேலாளர் டாரதி டேனியல் என்ற அம்மையார், அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞருக்குச் சின்னதாக ஒரு புலிப் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார். கையில் மாட்டி ஆட்டும் பொம்மை. மறுநாள் நேரடி ஒளிபரப்பில் அது ஒரு கடிகாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மேலாளரின் பெயரையே அதற்கு வைத்தார்கள், டேனியல் என்று. பொம்மையை ஆட்டிய அந்த இளைஞர்தான், பின்னாளில் குழந்தைகள் நிகழ்ச்சியால் நாடே அறிந்த ஃப்ரெட் ராஜர்ஸ்.

அந்தப் புலியின் வம்சம் உங்களுக்குத் தெரியும். 2012 முதல் வரும் கார்ட்டூன் தொடரில் சிவப்புச் சட்டை போட்டு வரும் டேனியல் டைகர் அதன் பிள்ளை. நம் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும்போது, பகலில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். நிதானமான பேச்சு, அதட்டல் இல்லை, நடுவில் மிட்டாய் விளம்பரமும் இல்லை. ஆங்கிலம் அதிகம் வராத பாட்டிக்கும் புரிகிறது. கேபிள் கட்டணம் வேண்டாம், வீட்டில் ஓர் ஆண்டெனா இருந்தால் போதும். இதையெல்லாம் நாம் இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதற்கான விலையை ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் யார்?

முன்பு பெரிய நிறுவனங்கள் கொடுத்தன. 1975இல் நேஷனல் ஜியாகிரஃபிக் சிறப்பு நிகழ்ச்சிகள் இந்த நிலையத்தின் வழியாக நாடு முழுவதும் போகத் தொடங்கியபோது பணம் கொடுத்தது கல்ஃப் எண்ணெய் நிறுவனம். அதன் தலைமையகம் இதே பிட்ஸ்பர்க்கில்தான் இருந்தது. நகர மையத்தில் கல்ஃப் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1980களின் நடுவில் கல்ஃப் ஷெவ்ரானோடு இணைந்தது. தலைமையகம் போயிற்று. அதே பத்தாண்டில் ஆற்றோர எஃகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஊரின் பெரிய கைகள் சில ஆண்டுகளுக்குள் ஒடுங்கிப்போயின. அப்போதும் நிலையம் பிழைத்திருந்ததற்குக் காசோலை எழுதி அனுப்பிய வீடுகளும் காரணம்.

அடுத்தது அரசாங்கப் பணம். 1967 நவம்பரில் அதிபர் ஜான்சன் பொது ஒலி ஒளிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, அரசுப் பணத்தைப் பொது நிலையங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப் பொது ஒலி ஒளிபரப்புக் கழகம் அமைந்தது. இரண்டே ஆண்டில் அதன் நிதியை வெட்டப் பார்த்தார்கள். 1969 மே 1 அன்று செனட் குழுவின் முன் நம் ஃப்ரெட் ராஜர்ஸ் போய் உட்கார்ந்தார். எழுதிக் கொண்டுபோனதைப் படிக்கவில்லை. கோபம் வந்தால் குழந்தை என்ன செய்யலாம் என்று தான் எழுதிய பாட்டின் வரிகளை அமைதியாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தலைவர் ஜான் பாஸ்டோரி கறாரான மனிதர் என்று பெயர் எடுத்தவர். தனக்கு மயிர்க்கூச்செறிகிறது என்றார். முடிவில், 2 கோடி டாலரை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். மொத்தப் பேச்சும் ஏழு நிமிடத்துக்குள். பதிவு இணையத்தில் இருக்கிறது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், வாதம் செய்வது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பணமும் நிலைக்கவில்லை. 2025 ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த இரண்டு ஆண்டு நிதியான ஏறக்குறைய 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அந்தக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்றரை டாலரை ஒட்டிய தொகைதான். இதில் அரசியல் பேச எனக்கு விருப்பமில்லை, இந்த அவையில் இரண்டு பக்கத்தாரும் இருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நிறுவனம் ஊர் மாறுகிறது, அரசு மனம் மாறுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வாங்கிப் பிள்ளை வளர்க்கிற நாம் அப்படிச் சட்டென்று எங்கும் போய்விடப் போவதில்லை.

இனி நிதி திரட்டும் வாரங்களைப் பற்றி. மார்ச்சில் வரும், கோடையில் வரும், டிசம்பரில் வரும். வழக்கமாகப் பார்க்கிற நிகழ்ச்சியைக் காணோம், பழைய பாட்டுக் கச்சேரி ஓடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இருவர் வந்து உறுப்பினராகுங்கள் என்கிறார்கள். இவ்வளவு கொடுத்தால் கோப்பை, இவ்வளவு கொடுத்தால் பை, இன்னும் கொடுத்தால் கச்சேரி முழுவதும் அடங்கிய குறுந்தகடுகள். பின்னால் வரிசையாகத் தொலைபேசிகள். பலர் உடனே அலைவரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

அந்தக் கச்சேரிகளைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வகை நிகழ்ச்சிக்குப் பெரிய வெற்றி பிறந்ததே நம் ஊரில்தான். டூ வாப் என்ற 1950களின் குழுப்பாட்டு வகைப் பாடகர்களை, பலர் மறந்தேபோன கறுப்பினக் கலைஞர்களையும் சேர்த்து, பெனடம் அரங்கில் மேடையேற்றி 1999இல் 'டூ வாப் 50' என்று டபிள்யூ க்யூ ஈ டி தயாரித்தது. நாடு முழுவதும் பொது நிலையங்களுக்கு அது அள்ளிக் கொடுத்தது. முதியவர்களுக்கு மகிழ்ச்சி, நிலையங்களுக்கு வருமானம். நல்ல காரியம்தான்.

ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். கச்சேரிக்காகக் கொடுப்பவர் கச்சேரிக்காகத்தான் கொடுக்கிறார். அடுத்த ஆண்டு அவர் திரும்பி வருவார் என்று உறுதியில்லை. அவரை மறுபடி இழுக்க மறுபடி ஒரு கச்சேரி வேண்டும், மறுபடி குறுந்தகடு வேண்டும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் ஒளிபரப்பு நேரம் பணம் கேட்பதிலேயே போய்விடுகிறது. ஊருக்கென்று நிகழ்ச்சி செய்ய வேண்டிய உழைப்பும் அதில் கரைகிறது. மாதாமாதம் சிறு தொகை தானாகக் கழியும்படி செய்துகொண்டவர்கள் கூடக்கூட, அந்த வாரங்கள் குறையும். நிலையத்துக்கும் அடுத்த ஆண்டு வருமானம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். ஆள் வைப்பதா வேண்டாமா, படம் எடுக்கலாமா கூடாதா என்று அதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

ஊருக்கென்று செய்தால் என்ன வரும்? சுக்கினி என்கிற பூசணி இனக் காயின் கதையைச் சொல்கிறேன். இங்கே தோட்டம் போடுகிற எல்லாருக்கும் தெரியும், ஆகஸ்ட் வந்தால் சுக்கினி காய்த்துக் கொட்டும். நாமும் கூட்டு, பொரியல், அடை என்று செய்து பார்த்து, கடைசியில் பக்கத்து வீட்டு வாசலில் பையோடு வைத்துவிட்டு வருவோம். 1990களின் தொடக்கத்தில் இந்த நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கிறிஸ் ஃபென்னிமோர் நேயர்களிடம் சுக்கினிச் சமையல் குறிப்பு அனுப்பச் சொன்னார். கடிதங்கள் குவிந்தன. அனுப்பியவர்களில் சிலரை நிலையத்துக்கே வரவழைத்துச் சமைக்க வைத்தார். குறிப்புகளைப் புத்தகமாக்கி, நன்கொடை தந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்தது அந்தச் சமையல் நிகழ்ச்சி. பிரபலமான சமையல்காரர் யாரும் தேவைப்படவில்லை. இத்தாலியப் பாட்டி தன் வீட்டுக் குறிப்போடு வந்தார், போலந்துக் குடும்பம் தன் கைப்பக்குவத்தோடு வந்தது. நேயரே நிகழ்ச்சி, நேயரே சந்தாதாரர். நிதி திரட்டுவதும் ஊரைக் காட்டுவதும் ஒரே வேலையாகிவிட்டது. ரிக் சிபாக் இதே நிலையத்துக்காக எடுத்த ஆவணப்படங்களும் அப்படித்தான். கென்னிவுட் கேளிக்கைப் பூங்காவையும் மறைந்துபோன கடைகளையும் பற்றி எடுத்தார். ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், பணமும் அனுப்பினார்கள்.

இந்த வரிசையில் நம் அடுப்பும் சேர வேண்டும் என்பது என் ஆசை. பென் ஹில்ஸ் மேட்டில் வெங்கடேசுவரர் கோயில் எழுந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்த மடைப்பள்ளிப் புளியோதரையைத் தேடி நம்மவர் அல்லாதோரும் வருகிறார்கள். இலையுதிர்காலத்தில் ஊரே பூசணிக்காயும் ஆப்பிளும் பேசும்போது நம் வீட்டில் கொலுவும் தீபாவளியும் நடக்கின்றன. இதெல்லாம் இந்த ஊரின் பருவகாலம் இல்லையா? யாராவது வந்து நம்மைப் படம் எடுப்பார்கள் என்று காத்திருக்காமல், உறுப்பினர்களாக உள்ளே போய், இதைச் செய்யுங்கள், ஆட்களை நாங்கள் தருகிறோம் என்று கேட்க வேண்டும். பணம் கட்டினால் நிகழ்ச்சி தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி விலை பேசுகிற இடமாக இருந்தால் அதை நான் ஆதரிக்கவே மாட்டேன். பங்கு உள்ளவர் கூச்சமில்லாமல் யோசனை சொல்லலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மாதம் 5 டாலர் போதும். அதற்கே பாஸ்போர்ட் என்ற இணைய வசதி கிடைக்கும், ஒளிபரப்பாகி முடிந்த தொடர்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பரிசுப் பொருள் வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். பரிசின் மதிப்பு வரிவிலக்குத் தொகையில் கழியும், நிலையத்துக்கும் அது செலவு. மருத்துவமனையிலோ வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள், நீங்கள் கொடுக்கும் தொகைக்கு இணையாக நிறுவனமும் கொடுக்குமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பல இடங்களில் அந்தப் பணம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. எழுபதரை வயது தாண்டிய பெரியவர்கள் ஐ ஆர் ஏ என்ற தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேராக அறச்செயலுக்கு அனுப்பலாம், அதற்கு வருமான வரி இல்லை. ஓடாமல் கொட்டகையில் நிற்கும் பழைய காரைக்கூட இத்தகைய நிலையங்கள் எடுத்துக்கொள்கின்றன.

டிசம்பர் வாரத்தில் பத்துப் பேராக ஒரு மாலை நேரம் நிலையத்தில் போய் உதவ முடியுமா என்று கேட்டுச் சொல்வதாக இருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் உட்பட, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கிற மேசையில் பெயர் எழுதுங்கள். உறுப்பினர் ஆவதற்கான இணைய முகவரியும் அதே தாளின் மேலே இருக்கிறது. சமையல் குறிப்பு கொடுக்க விரும்பும் அம்மாக்களும் பாட்டிகளும் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்க இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.