கேபிள் இழுத்தவர்கள் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, கோபி மக்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. உள்ளூர் டிவியை அந்தக் காலத்தில் வளர்த்தது திரையில் தெரிந்தவர்களா, திரைக்குப் பின்னால் உழைத்தவர்களா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, "செய்தி வாசித்தவர் முகம்தான் ஊருக்குத் தெரியும், கேபிள் இழுத்தவரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் வைத்திருக்கிறேன் தங்கச்சி. 1994இல் இந்தப் பக்கத்தில் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன் நான்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது, சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வந்தது. சரி, அதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் பவானிசாகர் அணையின் 105 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள், ஈரோட்டில் மஞ்சள் என்ன விலைக்குப் போனது என்று தினமும் சாயங்காலம் எழுத்தாக ஓடவிட்டது எங்கள் உள்ளூர் சேனல்தான். கீழ்பவானிப் பாசனம் மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர்ங்க. அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் மறுநாள் ஆள் சொல்லி வைத்தார்கள்.

அந்த எழுத்து உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? கேபிள் போகப் போகப் படம் மங்கும், கடைசி வீட்டில் வெறும் புள்ளிதான் தெரியும். அதனால் வழியில் அங்கங்கே ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். பக்கத்து வீட்டில் கெஞ்சிக் கேட்டு ஒரு பிளக் வாங்குவோம், பதிலுக்கு அந்த வீட்டுக்குக் கனெக்‌ஷன் இலவசம். ஒரு வீட்டில் ஆத்தா ராத்திரி படுக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுவார், அதற்கு மேல் தெரு முழுக்க டிவி இருட்டு. போய்க் கேட்டால், "மீட்டர் ஓடுதுல்ல கண்ணு" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு ஒவ்வொரு ரூபாயும் முக்கியம். ஆனால் மழையில் நனைந்துகொண்டு அந்த வாசலில் நின்றது லைன் பார்த்த பையன். இடி இடித்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும், தென்னையில் கட்டிய ஒயரை அணில் கடித்துவிடும். எல்லாவற்றுக்கும் ஏறினவன் அவன்தான்.

எடிட்டிங் என்றால் என்ன நினைக்கிறீர்கள்? வீடியோ கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்கிற விசிஆர் மெஷின் இரண்டு, அவ்வளவுதான். ஒன்றில் ஓடவிட்டு, இன்னொன்றில் பதிவை நிறுத்தி வைக்கிற பாஸ் (pause) பட்டனை அழுத்தி, சரியான இடத்தில் விரலை எடுக்க வேண்டும். அரை நொடி பிசகினால் சேரும் இடத்தில் படம் கிழிந்து நெளியும், திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் முகத்தின் சிவப்பு கன்னத்தை விட்டு வெளியே வழியும். நாளுக்கு ஒருமுறை ஸ்பிரிட் தொட்டு, விசிஆரில் டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்போம். செய்தி வாசிக்கும்போது மைக்கில் இரைச்சல் ஏறும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவோம், சித்திரை மாசம்கூட.

வாசித்த பெண்ணை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த ஊரிலிருந்து ஒரு பெண் அந்த நாளில் கேமரா முன்னால் உட்காரப் பெரிய தைரியம் வேண்டும், வீட்டில் பேச்சும் வாங்கியிருப்பார். ஆனால் அவர் வாசித்தது அரை மணி நேரம். மீதி நேரம் சேனலை ஓட்டியது கண்ட்ரோல் ரூம் பையன்; கேசட் மாற்றி மாற்றிப் போட்டவன், மூணு மணி நேரக் கேசட் முடிகிற நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவன்.

ஒரு பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி. எங்கள் பையன் ஒருவன் முந்தின நாளே கேமராவோடு போய் ராத்திரி முழுக்க நின்றான். விடியக்காலையில் குண்டம் இறங்கியதை எடுத்ததும், கேசட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, டிவிஎஸ் 50இல் வந்து சேர்ந்தான். முகமெல்லாம் சாம்பல். எடிட்டிங்குக்கு நேரமில்லை, அப்படியே போட்டோம். கோயிலுக்குப் போக முடியாத வயசானவர்கள் எல்லாரும் ஆள் விட்டு, "இன்னொருக்கா போடச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அன்றைக்கு மூன்று முறை போட்டோம். அந்தக் கேசட்டில் அறிவிப்பாளர் யாருமில்லை நடுவர் அவர்களே. பம்பைச் சத்தமும், கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு கேமராவைப் பிடித்திருந்த பையனின் மூச்சுச் சத்தமும்தான் கேட்டது.