மாலை ஆறரைக்குப் பிறகு ஓடும் மீட்டர்

வணக்கம் நேயர்களே. நேரத்துக்கு ஒரு விலை என்ற மின்கட்டணத்துக்கு மாறலாமா என்று யோசிக்கும் வீடுகளுக்காக இன்றைய உரை. பேனையும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு வரும்.

இலங்கையில் வீட்டுப் பாவனையாளர் விரும்பினால் தெரிவுசெய்யலாம் என்று இந்த முறை 2015 செப்டெம்பரில் வந்தது. த்ரீ பேஸ், 30 அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்பு இருந்த வீடுகளுக்கு. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல். அதிலிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம். 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு நேரம். அன்றைய விலை அலகொன்றுக்குப் பகலில் 25 ரூபா, உச்ச நேரத்தில் 54, இரவில் 13. மாத நிலையான கட்டணம் 540.

இரவு விலையை மட்டும் பார்த்து ஆசைப்படக் கூடாது. சாதாரணக் கட்டணத்தில் முதல் 60 அலகும் மலிவு, அடுத்த 30 அலகும் மலிவு. நேரக் கட்டணத்துக்குப் போனால் அந்தப் படிகள் இல்லை, முதல் அலகே முழு விலை. 150 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அன்று சாதாரணமாக வந்த பில் 3,043 ரூபா 50 சதம். அதே வீடு நேரக் கட்டணத்தில், உச்ச நேரத்தில் 30 அலகும் பகலிலும் இரவிலும் 60 அலகு வீதமும் பாவித்தால் 4,440 ரூபா. இத்தனை சிக்கனமாக இருந்தும் நட்டம்.

400 அலகு பாவிக்கும் வீட்டில் கதை வேறு. சாதாரண பில் 13,963 ரூபா 50 சதம். உச்ச நேரத்தில் 80 அலகோடு நிறுத்தி, மிச்சத்தைப் பகலுக்கும் இரவுக்கும் 160 வீதம் பிரித்தால் 10,940 ரூபா. ஆனால் உச்ச நேரம் 180, பகல் 140, இரவு 80 என்று போனால் 14,800. அந்த விலைகளில் இந்த 400 அலகு வீட்டுக்கு உச்ச நேரப் பங்கு ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தாண்டினாலே இலாபம் போய்விடும். 2022 ஓகஸ்டிலிருந்து விலைகள் பலமுறை மாறிவிட்டன. ஆகவே உங்கள் கடைசி பில்லில் உள்ள படி விலைகளையும் இப்போதைய மூன்று நேர விலைகளையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

உங்கள் வீட்டின் உச்ச நேரப் பங்கு எவ்வளவு என்று அறிய எந்தப் புது மீட்டரும் வேண்டாம். இருக்கிற மீட்டரை ஒரு வாரம், சனி ஞாயிறும் சேர்த்து, காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30 என மூன்று வேளை வாசித்து எழுதுங்கள். 6.30க்கும் 10.30க்கும் இடைப்பட்ட ஏழு நாள் அலகுகளைக் கூட்டி, வார மொத்தத்தால் வகுத்தால் போதும். எந்தச் சாமான் தின்கிறது என்று பார்க்க, மீட்டர் முகப்பில் இமைக்கும் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம். பக்கத்தில் 1000 imp/kWh, அதாவது ஓர் அலகுக்கு 1000 இமைப்பு, என்பதுபோல அச்சிட்டிருக்கும். 1000 என்றால் ஒரு இமைப்பு ஒரு வாட் மணி. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை இமைப்பு என்று எண்ணி 60ஆல் பெருக்குங்கள். 20 இமைப்பு வந்தால் 1,200 வாட்.

தண்ணீர் பம்பியும் வோஷிங் மெஷினும் அயனும் பகலுக்கு எளிதில் போகும். 50 லீட்டர் தொட்டியுள்ள ஹீட்டரில் தண்ணீரை 15 பாகை சூடாக்க அண்ணளவாக 0.9 அலகு செலவாகும். அதற்கு டைமர் போட்டு 5.30க்கு முன் சூடாக்கலாம். முள் சுற்றும் மலிவு டைமர் வேண்டாம். கரண்ட் போன நேரமெல்லாம் அது நின்றுவிடும், இரண்டு மணித்தியால வெட்டுக்குப் பிறகு 3.30க்குப் போடவேண்டியதை 5.30க்குத்தான் போடும். பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். மின்சாரக் கார் உள்ள வீட்டுக்கு இந்தக் கட்டணம் தைத்த சட்டைபோலப் பொருந்தும்: 3.3 கிலோவாட் சார்ஜர் மலிவு நேரம் ஏழு மணித்தியாலத்தில் 23 அலகு ஏற்றிவிடும். சமையலையும் பிள்ளைகளின் படிப்பு விளக்கையும் நகர்த்தப் பார்க்காதீர்கள், வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பகல் பதின்மூன்று மணித்தியாலமும் ஒரே விலை. கூரைச் சூரிய மின்சாரம் குவியும் நண்பகலில் அதை வாங்க ஆளில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையக் கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியதற்கு, பாவனை குறைவாகவும் சூரிய மின்சாரம் மிகுதியாகவும் இருந்ததும் ஒரு காரணம். இந்தியா 2023இல் திருத்திய விதிகளில், சூரிய மணித்தியாலங்களின் விலை வழமையைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்கவேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

நேரக் கட்டணத்துக்கு மாறிப் புது மீட்டர் வந்ததும் முதல் வேலை அதன் கடிகாரத்தைப் பார்ப்பது. நேரக் கட்டணத்துக்கு ஸ்மார்ட் மீட்டர்தான் வேண்டும் என்றில்லை, மூன்று நேரத்துக்கும் தனித்தனிப் பதிவும் ஒரு கடிகாரமும் போதும். ஸ்மார்ட் மீட்டர் அந்தக் கணக்கைத் தானே அனுப்பும், அவ்வளவுதான். பல மீட்டர்களின் திரையில் 0.9.1 என்று வரும்போது நேரம், 1.8.0 மொத்த அலகு, 1.8.1, 1.8.2, 1.8.3 மூன்று நேரப் பதிவுகள். எது உச்ச நேரம் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். இரவு எட்டு மணிக்குப் போய் நின்று எந்த எண் ஏறுகிறதென்று பாருங்கள். மூன்றையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவர வேண்டும். கடிகாரம் அரை மணித்தியாலம் பிந்தினால் 10.30க்கு கார் சார்ஜ் ஏறத் தொடங்கும், மீட்டரோ அதை உச்ச விலையில் எழுதும். அப்படிக் கண்டால், மீட்டர் திரையும் சரியான நேரம் காட்டும் தொலைபேசியும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, பில் இலக்கத்தோடு பிரதேச மின் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.