டிஸ்னி டிராவல் ஏஜென்ட் வேலையைப் பார்ட் டைமாப் பண்ணலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி டெக்சஸ்ல, ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "பசங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போயிடறாங்க. எங்க ஃப்ரெண்ட்ஸ் குடும்பம் யார் டிஸ்னி வேர்ல்டு போனாலும் நான்தான் பிளான் போட்டுக் குடுப்பேன். இதையே பார்ட் டைம் வேலையாப் பண்ணினா கமிஷன் வரும்னு ஃபேஸ்புக்ல ஒருத்தர் போட்டிருக்காங்க. சேர்றதுக்குப் பணம் கட்டணுமாம், மாசாமாசமும் கட்டணுமாம். நம்பலாமா? எவ்வளவு கிடைக்கும்? எங்க குடும்பத்துக்கு டிக்கெட் ஃப்ரீயா? நான் ஹெச்4, இஏடி இருக்கு."

அந்தக் கடைசி வரியை எழுதினீங்களே, ரொம்ப நல்லது. முதல்ல அதைப் பேசிடறேன், ஏன்னா இதைப் பார்க்கிற எல்லார்கிட்டயும் இஏடி இருக்காது. ஹெச்4-ங்கிறது ஹெச்1பி வேலை விசாவுல இருக்கிறவங்க குடும்பத்துக்கான விசா, இஏடி-ங்கிறது வேலை பார்க்கிறதுக்கான அனுமதி அட்டை. இது சம்பள வேலை கிடையாது. நீங்க ஒரு ஏஜென்சிக்குக் கீழ இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர். அதாவது சுயதொழில். ஹெச்4 இஏடி கையில இருந்தா சுயதொழில் தாராளமாப் பண்ணலாம். கிரீன் கார்டு, சிட்டிசன் யாருக்கும் பிரச்னையே இல்லை. இஏடி இல்லாத ஹெச்4-ன்னா கூடாது. ஹெச்1பி-ல இருக்கிறவங்க சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தானேன்னு இதுல இறங்கக் கூடாது. அந்த விசா ஸ்பான்சர் பண்ணின கம்பெனி வேலைக்கு மட்டும்தான். "கமிஷனை என் பேர்ல வாங்காம ஃப்ரெண்ட் பேர்ல வாங்கிக்கிறேன்"னு சில பேர் கேக்கறீங்க. வேண்டாங்க. 300 டாலருக்காக கிரீன் கார்டு ஃபைலை ரிஸ்க்ல வைக்கிறதா? உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன் சகோதரி, இஏடி தேதி முடியறதுக்கு முன்னாடி புதுசு கைக்கு வரலைன்னா என்ன பண்றதுன்னு உங்க அட்டர்னிகிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

சரி, பணத்துக்கு வருவோம். டிஸ்னி வேர்ல்டுல ரூமும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் வித்தா பொதுவா 10 சதவீதம் பக்கத்துல கமிஷன். வரிக்குக் கமிஷன் கிடையாது. கஸ்டமருக்கு அதனால ஒரு டாலர்கூட ஏறாது, டிஸ்னி வெப்சைட்ல என்ன விலையோ அதே விலைதான். அந்தக் கமிஷன் நேரா உங்களுக்கு வராது. ஏஜென்சிக்குப் போகும், அவங்க பங்கை எடுத்துக்கிட்டு மீதியை உங்களுக்குத் தருவாங்க.

கணக்குப் போட்டே காட்டறேன். வரி போக 6,000 டாலர் பேக்கேஜ்னு வச்சுக்கோங்க. கமிஷன் 600. புதுசா சேர்ந்தவங்களுக்கு 70 சதவீதப் பங்குன்னா உங்க கைக்கு 420. சுயதொழில்ங்கிறதால வருமான வரிக்கு மேல 15.3 சதவீதம் செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸும் நீங்களே கட்டணும். வருஷத்துக்கு நிகர லாபம் 400 டாலர் தொட்டாலே அது வந்துடும். வீட்டுக்காரர் சம்பளத்தோட சேர்த்து 22 சதவீத வருமான வரி வரம்புல இருக்கீங்கன்னா, எல்லாம் போக 270 டாலர் சொச்சம் நிக்கும். ஒரு குடும்பத்துக்குப் பிளான் போட எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அலைச்சல் பிடிச்ச குடும்பம்னா 20 மணி நேரம் சாதாரணமாப் போயிடும். வகுத்துப் பார்த்துக்கோங்க. நான் பயமுறுத்தலை. ஃபேஸ்புக் போஸ்ட்டுல இந்த வகுத்தல் இருக்காது, அதனாலதான் சொல்றேன்.

இதைவிட முக்கியம், அந்தப் பணம் எப்போ வருதுங்கிறது. கல்யாணத் தரகர் மாதிரிதான், தாலி ஏறினாத்தான் கமிஷன். ஜனவரியில ஒருத்தர் டிசம்பர் லீவுக்கு புக் பண்றாங்க. வருஷம் பூரா போன், வாட்ஸ்அப், மாத்தல், திருத்தல் எல்லாம் உங்ககிட்டதான். அவங்க டிசம்பர்ல போயிட்டு வந்த பிறகுதான் டிஸ்னி ஏஜென்சிக்குப் பணம் அனுப்பும், அங்கிருந்து உங்களுக்கு வர இன்னும் சில வாரம். நடுவுல ஊர்ல மாமனாருக்கு உடம்பு சரியில்லைன்னு அவங்க கேன்சல் பண்ணிட்டா? இந்த பேக்கேஜ்ல போற நாளுக்கு 30 நாள் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணினா அவங்க கட்டின பணம் முழுசாத் திரும்பிடும். அவங்களுக்கு நஷ்டமில்லை. உங்க பத்து மாச உழைப்புக்கு ஒண்ணும் கிடையாது. அவங்களைக் கோவிச்சுக்கவும் முடியாது. அதனால முதல் வருஷம் வருமானம்னு எதையும் வீட்டு பட்ஜெட்ல எழுதாதீங்க.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. புக் பண்ணின பிறகு டிஸ்னி ஏதாவது டிஸ்கவுன்ட் அறிவிச்சா, பழைய புக்கிங்கையும் அந்தப் புது விலைக்கு மாத்த முடியுமான்னு பார்த்து மாத்திக் குடுக்கிறவங்கதான் நல்ல ஏஜென்ட். மாத்திட்டீங்க, கஸ்டமருக்கு 600 டாலர் மிச்சம். கமிஷன்ல 60 குறைஞ்சிடுச்சு, அதுல உங்க பங்கு 42! கூடுதல் வேலை செஞ்சு வருமானத்தைக் குறைச்சுக்கிறீங்க. ஆனா அதைச் செய்யாதவங்ககிட்ட அடுத்த தடவை யாரும் வரமாட்டாங்க. நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல "எங்களுக்கு இவ்வளவு கம்மியா கிடைச்சுதே"ன்னு ஒருத்தர் போட்டா போதும், விஷயம் முடிஞ்சது.

வேலை எப்படி இருக்கும்? உங்களுக்குப் பாதி தெரியும். தெரியாத பாதி, விடிகாலை எழுந்திருக்கிறது. டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்க செக்-இன் தேதிக்கு 60 நாள் முன்னாடி உணவக ரிசர்வேஷன் போடலாம், தங்கற நாள் முழுசுக்கும் சேர்த்து, பத்து நாள் வரைக்கும். காலையில 6 மணிக்குத் திறக்கும், ஆனா அது ஃப்ளோரிடா மணி. ஃப்ரிஸ்கோவுல அது 5 மணி. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ள சாப்பிடணும்னு ஒரு குட்டிப் பொண்ணு ஆசைப்பட்டா, நீங்க 4:50-க்கே லேப்டாப் முன்னாடி உட்காரணும். பத்து நிமிஷம் தூங்கிட்டீங்கன்னா வேண்டிய நேரம் போயிடும். அப்புறம் லைட்னிங் லேன், அதாவது ரைடுகள்ல நீள வரிசையைத் தவிர்க்கக் காசு குடுத்து வாங்கற பாஸ். பழைய ஜீனி பிளஸ் 2024 ஜூலையோட போயிடுச்சு, இப்போ மல்டி பாஸ்னு பேர். டிஸ்னி ஹோட்டல்காரங்களுக்கு 7 நாள் முன்னாடி, வெளியில தங்கறவங்களுக்கு 3 நாள் முன்னாடி, காலை 7 மணிக்குத் திறக்கும், அதுவும் அந்த ஊர் மணிதான். ஃப்ரெண்டுக்கு ஒரு தடவை இதைச் செய்யறது ஜாலி. அதே வாரத்துல மூணு குடும்பத்துக்குச் செய்யறப்போதான் இது வேலைன்னு புரியும்.

உங்களுக்கு ஒரு பலம் இருக்கு. நம்ம குடும்பங்க என்ன கேப்பாங்கன்னு மத்த ஏஜென்ட்டுகளுக்குத் தெரியாது. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருப்பாங்க, மொத்தம் ஆறு பேர். டிஸ்னியில சாதாரண ரூம் பெரும்பாலும் நாலு பேருக்குத்தான். ரெண்டு ரூம் போட்டா விலை எங்கேயோ போகும். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டல்ல ஃபேமிலி சூட் ஆறு பேருக்கு, அதுல ரெண்டு பாத்ரூம். கூட்டுக் குடும்பத்துக்கு அந்த ரெண்டாவது பாத்ரூமைச் சொன்னாலே போதும், வியாபாரம் முடிஞ்சது! சைவம் மட்டும் சாப்பிடற பாட்டியை அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டல்ல இருக்கிற சானா உணவகத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம். நான் ரொட்டி, வகைவகையாத் தொட்டுக்க, ஜன்னலுக்கு வெளியில ஒட்டகச்சிவிங்கி. அப்பாவுக்கு மூட்டு வலி, வரிசையில நிக்காம விடுவாங்களான்னு கேப்பாங்க. மாட்டாங்க. 2024-ல அந்தச் சலுகையை ஆட்டிசம் மாதிரி வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்குன்னு சுருக்கிட்டாங்க. வீல்சேர் வாடகைக்கு எடுக்கணும். போறதுக்கு முன்னாடியே இதைப் பக்குவமாச் சொல்லணும், கேட்ல நின்னு தெரிஞ்சுக்கக் கூடாது. இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் உங்களைத் தேடி வருவாங்க. வெறும் விலைக்குன்னா காஸ்ட்கோ கடையோட டிராவல் பிரிவுலயே டிஸ்னி பேக்கேஜ் இருக்கு, அதோட விலையில நீங்க போட்டி போட முடியாது.

இப்போ அந்த ஃபேஸ்புக் ஆள். பணம் கட்டச் சொன்னாலே ஏமாத்துன்னு அர்த்தமில்லை. நேர்மையான ஹோஸ்ட் ஏஜென்சிகள்லயும், அதாவது உங்களை மாதிரி ஏஜென்ட்டுகளைத் தங்களுக்குக் கீழ வச்சுக்கிற ஏஜென்சிகள்லயும், சேரும்போது ஒரு தொகை, மாசம் ஒரு சின்னத் தொகை வாங்கறது உண்டு, சாஃப்ட்வேர், இன்ஷூரன்ஸ்னு. வாங்காத ஏஜென்சிகளும் இருக்கு, அங்க உங்க பங்கு கொஞ்சம் கம்மியா இருக்கலாம். நீங்க கவனிக்க வேண்டியது, அந்த ஆளுக்கு எதுல காசு வருதுங்கிறது. டூர் விக்கிறதுலயா, இல்ல உங்களைச் சேர்த்து விடறதுலயா? "நீங்க நாலு பேரைச் சேர்த்தா உங்க மாசக் கட்டணம் தள்ளுபடி"ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அது நம்ம ஊர்ல நமக்கு நல்லாத் தெரிஞ்ச எம்எல்எம்தான், மேல மிக்கி மவுஸ் படம் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். 2008-லயே கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் ஜெர்ரி பிரவுன், டிராவல் ஏஜென்ட் ஆக்கறேன்னு ஆள் சேர்த்த ஒரு கம்பெனி மேல பிரமிடு ஸ்கீம்னு வழக்கே போட்டார்.

ஏஜென்சிகிட்ட கேக்க வேண்டியதையும் சொல்லிடறேன். டிஸ்னி அங்கீகாரம் இருக்கா? தப்பு நடந்தா காப்பாத்தற எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் இன்ஷூரன்ஸ் யார் பேர்ல? கலிபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன், ஹவாய் மாநிலங்கள்ல, டூர் விக்கிறவங்க பதிவு பண்ணணும்ங்கிற செல்லர் ஆஃப் டிராவல் சட்டம் இருக்கு. நீங்க டெக்சஸ்ல இருந்தாலும் சான் ஹோசேல இருக்கிற அக்காவுக்கு விக்கப் போறீங்கல்ல, ஏஜென்சியோட பதிவு உங்களுக்கும் பொருந்துமான்னு எழுத்துல வாங்குங்க. நான் விலகினா, ஏற்கெனவே புக் பண்ணினதோட கமிஷன் யாருக்குன்னும் கேளுங்க. இதுக்கு வழவழான்னு பதில் சொன்னா வேற இடம் பாருங்க. டிஸ்னியோட ஏஜென்ட் பயிற்சி இலவசம், ஆன்லைன்லயே முடிச்சிடலாம். அதுக்குத் தனியாக் காசு கேட்டா குடுக்காதீங்க.

முக்கியமா, கஸ்டமர் பணத்தை உங்க அக்கவுன்ட்ல வாங்கவே வாங்காதீங்க. "ஸெல் (Zelle) மூலமாப் பணம் அனுப்பிடறேன், நீங்களே கட்டிடுங்க"ன்னு நெருங்கின ஃப்ரெண்டே சொல்வாங்க. அவங்க கார்டுலேர்ந்து நேரா டிஸ்னிக்குப் போகணும். நடுவுல உங்க கை பட்டா, ரீஃபண்ட் லேட்டாகிற அன்னிக்கு நட்பும் போகும்.

ஃப்ரெண்ட்ஸ்னு வந்துட்டதால இதையும் சொல்லணும். இதுவரைக்கும் ஓசியிலே செஞ்சு குடுத்தவங்ககிட்ட "இனிமே என் மூலமா புக் பண்ணுங்க"ன்னு சொல்ல உங்களுக்குக் கூச்சமா இருக்கும். சொல்லித்தான் ஆகணும். "பிளான் இலவசம், புக்கிங் என் மூலமா, விலையில வித்தியாசம் இல்லை"ன்னு முதல் மெசேஜ்லயே போட்டுடுங்க. உங்க எக்ஸெல் ஷீட்டை வாங்கிக்கிட்டு நேராப் போய் புக் பண்றவங்க இருப்பாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி முழு ஷீட்டையும் குடுக்காதீங்க, அவ்வளவுதான்.

டிக்கெட் ஃப்ரீயான்னு கேட்டீங்க. இல்லை. நல்லா விக்கிற ஏஜென்ட்டுகளுக்குச் சில சமயம் ஏஜென்ட் விலைன்னு ரூம், டிக்கெட்ல சலுகை வரும், நிபந்தனையோட. சேர்ந்த உடனே குடும்பத்தோட ஓசி டிரிப்னு யாராவது சொன்னா, மேல சொன்ன எம்எல்எம் ஆள்தான் அவர். நீங்க சொந்தமாப் போறதை உங்க மூலமாவே புக் பண்ணினா கமிஷன் உங்க பங்கு உங்களுக்கு வரும், ஆனா அதுவும் வருமானக் கணக்குல சேரும்.

என்னைக் கேட்டா, உங்க நிலைமைக்கு ஆரம்பிக்கலாம். மாசக் கட்டணம் இல்லாத ஏஜென்சியா பாருங்க. அதே ஆர்லாண்டோல இருக்கிற யுனிவர்சல் தீம் பார்க்கையும் சேர்த்துப் படிங்க, 2025 மே மாசம் அவங்களோட புது பார்க் எபிக் யுனிவர்ஸ் திறந்ததிலேர்ந்து ஆர்லாண்டோ போறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் கேக்கறாங்க. கார், பெட்ரோல் செலவு எதுவும் இல்லாத வேலை, பசங்க ஸ்கூல் நேரத்துல முக்கால்வாசி முடியும். அந்த விடிகாலை 5 மணியைத் தவிர.

சரி, அடுத்து சார்லட்லேர்ந்து ஒருத்தர் அப்பா அம்மாவோட விசிட்டர் இன்ஷூரன்ஸ் பத்திக் கேட்டிருக்கார்.