மலை ஏறினால் சூரியன் பக்கமா?

(ஏற்காட்டில் ஒரு மே மாத மாலையில், பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மதியம் சேலத்தில் பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து இங்கே இறங்கியதும் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டேன். வயது அப்படி.

கோடையில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று யாரைக் கேட்டாலும், "சூரியன் பக்கத்தில் வந்துவிடுகிறது" என்பார்கள். சேலம் கடல்மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சூரியனுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் பக்கத்தில் குடியிருக்கும் நீங்கள் அல்லவா வெந்துபோயிருக்க வேண்டும்? சிரிக்கிறீர்கள். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. அந்தக் கணக்கில் ஒன்றேகால் கிலோமீட்டர் எந்த மூலைக்கு? வெயிலில் தரை சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது. மேலே ஏற ஏறக் காற்று விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி. மலையின் குளிர் காற்றின் வேலை.

பூமி ஆண்டு முழுவதும் சூரியனிடமிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மிக அருகில் போவது எப்போது தெரியுமா? ஜனவரி முதல் வாரத்தில். நல்ல மார்கழி. பனியில் நடுங்கிக்கொண்டு கோலம் போடும் நாட்களில் நமக்கும் சூரியனுக்கும் இடையே 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலை தொடக்கத்தில், 15 கோடியே 21 லட்சம். பக்கம் போவதால் ஜனவரியில் பூமிக்கு நூற்றுக்கு ஏழு பங்கு வெயில் கூடுதலாகவே வருகிறது. அப்படியும் குளிர்கிறது. ஆஸ்திரேலியாவிலோ அதே நாட்களில் கோடை.

அப்படியானால் காரணம் எது? மேசைமேல் ஒரு மாம்பழம் இருக்கிறது, பாருங்கள். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து வருகிறவன் பூமி உருண்டைக்காகக் கடைக்குப் போவேனா? உருண்டையாக இருக்கட்டும் என்று குண்டு மாம்பழமாகப் பார்த்து வாங்கினேன். நடுவில் ஒரு குச்சி செருகியிருக்கிறேன். அதுதான் அச்சு. நடுவில் எரியும் பல்பு சூரியன். தம்பி, மேடைக்கு வா. குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி, 23.4 பாகை என்பது கணக்கு. அப்படியே விளக்கைச் சுற்றி நட. பார்த்தீர்களா, எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறையே இவனும் செய்கிறான். நடக்க நடக்கக் குச்சியையும் விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே போகிறான். அது கூடாது. குச்சியின் முனை எப்போதும் அந்த வாசல் கதவையே பார்க்க வேண்டும். பூமியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடியே சுற்றுவது போல. இப்போது பாருங்கள். இந்தப் பக்கம் வரும்போது பழத்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் அதே மேல்பாதி விலகிச் சாய்கிறது. சாய்வு மாறவே இல்லை, நிற்கும் இடம்தான் மாறியது.

டார்ச் விளக்கைத் தரைக்கு நேராக அடித்தால் சிறிய வட்டமாகப் பளிச்சென்று விழும். சாய்த்து அடித்தால் நீண்டு மங்கும். வெயிலும் அப்படித்தான். டிசம்பர் 21 வாக்கில் சேலத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் தெற்கே சரிந்து 55 பாகை உயரத்தில் நிற்கிறது. தலைக்கு நேரே நிற்கும்போது தரைக்குக் கிடைப்பது நூறு பங்கு என்றால் அப்போது 82தான். லண்டனில் அதே நாள் 15 பாகை, கால் பங்குதான் மிஞ்சும். பகலும் சுருங்குகிறது. மார்கழியில் நமக்குப் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, ஆனியில் பன்னிரண்டே முக்காலுக்கும் மேல்.

சேலத்தில் சூரியன் தலைக்கு நேரே வருவது ஆண்டில் இரண்டே நாட்கள். ஏப்ரல் 20, 21 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 22, 23 வாக்கில் இன்னொன்று. நிழல் இல்லா நாள் என்பார்கள். ஏப்ரலில் மதியம் 12 மணி 16 நிமிட அளவில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். இடைப்பட்ட நான்கு மாதம் உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்குத் திசையே குழம்பிப்போனது. ஏப்ரலிலேயே உச்சிக்கு வந்துவிட்டால் அக்னி நட்சத்திரம் மே மாதம் ஏன் என்று கேட்பீர்கள். தோசைக்கல் அடுப்பு பற்றியதுமா காய்கிறது? ஜூனில் சூரியன் இன்னும் வடக்கே போய் அந்த நிலங்களைக் காய்ச்ச, கடற்காற்று மேகத்தோடு உள்ளே வருகிறது. குடகில் பெய்து, மேட்டூருக்கு ஆடிப்பெருக்குத் தண்ணீர் வருவதும் இதே சாய்வின் தயவால்தான்.

இனி நிலா. தலைக்கு மேலே பாருங்கள், அரைநிலா. இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒருநாள் கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சூரியன் மேற்கே நிற்கிறது. அரைநிலா நடுவானில் நிற்கிறது. பூமியின் நிழல் கிழக்கே அல்லவா விழும்?" என்றாள். மணி அடித்தது, தப்பித்தேன். அன்றிரவு வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். இதே பழத்தைக் கையை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சுற்றுங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் இருண்ட பக்கம்தான் தெரியும், அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் கீற்று, கால் சுற்றில் பாதி, விளக்குக்கு முதுகு காட்டினால் பௌர்ணமி. பழத்தில் பாதி எப்போதும் ஒளியில்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதே பிறை. பௌர்ணமி நிலையில் கையைத் தாழ்த்தினால் உங்கள் தலையின் நிழல் பழத்தில் விழும், அதுதான் சந்திர கிரகணம். நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் மாதாமாதம் அது நடப்பதில்லை.

இதை அறிந்தபின் நாடக மேடைகளில் நள்ளிரவு வானத்தில் மூன்றாம் பிறையைத் தொங்கவிட்டால் எனக்கு உட்காரமுடிவதில்லை. மூன்றாம் பிறை சூரியனின் வாலைப் பிடித்துக்கொண்டே மேற்கே இறங்கிவிடும். நள்ளிரவில் அதற்கு என்ன வேலை?

பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் என்பதை வைத்துத்தான் நம் மாதங்களுக்கே பெயர் அமைந்திருக்கிறது. சித்திரை மாதப் பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வரும், வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை. மார்கழித் திருவாதிரை நிலா கிட்டத்தட்ட உச்சியில் ஏறி நிற்கும். கோடையில் சூரியன் போகிற உயரமான பாதையில் அப்போது அது போகிறது. ஆனிப் பௌர்ணமி தெற்கே சரிந்து போகும். இந்த ஆண்டு இரண்டையும் குறித்து வைத்துப் பாருங்கள், இந்த மலைக்கு மேலே நன்றாகவே தெரியும்.

நேரமாகிவிட்டது, சேலத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். இந்த அரைநிலா நள்ளிரவு வாக்கில்தான் மறையும். நாளை இதே நேரத்துக்கு வெளியே வந்து பாருங்கள், இன்று நிற்கும் இடத்துக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்சம் பருத்து நிற்கும். மாம்பழத்தை அந்தத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும். குச்சியை மட்டும் பிடுங்கிவிடு.