இசட் புள்ளியும் ஒரு தகப்பனின் கேள்வியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி இரண்டாம் நாள். காலையில் படலையைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். தீவுப்பகுதியைச் சேர்ந்த கடற்றொழிலாளி. விடியற்காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் மகள் நின்றாள். இரவு முழுவதும் அழுதிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது. தகப்பன் சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். கடையில் கொடுத்து அச்செடுத்த பெறுபேற்றுத் தாள். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சேர், இரண்டு வருடம் இரவு பகல் பாராமல் படித்தாள். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையே?"

விரல் இருந்த இடத்தில் 0.6312 என்று அச்சாகியிருந்தது.

முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் நான். முதலில் தூய கணிதமும் பிரயோக கணிதமும்; 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இரண்டும் சேர்ந்து இணைந்த கணிதம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வகையீடும் தொகையீடும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு, அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும் இந்த ஒற்றை எண் என்ன சொல்கிறது என்று ஒருநாளும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

நமது க.பொ.த. உயர்தரப் பரீட்சை இரண்டு வேலைகளைச் செய்கிறது. பாடசாலைக் கல்வியை முடித்துவிட்டதற்கான சான்றிதழைத் தருவதும் அதுதான், பல்கலைக்கழகத்துக்குள் யார் போவது என்று தீர்மானிப்பதும் அதுதான். 75 புள்ளிக்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 55க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ். மூன்று பாடங்களில் எஸ் எடுத்தாலே சித்திதான். ஆனால் சித்தியடைந்து, அனுமதிக்குத் தகுதியும் பெறுகின்ற பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. மிச்சப் பேரை எப்படிக் கழிப்பது? அந்த இடத்தில்தான் இசட் புள்ளி வருகிறது.

2000ஆம் ஆண்டுக்கு முன்னர் நான்கு பாடங்கள் இருந்தன. நான்கின் புள்ளிகளையும் கூட்டி 400க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பாடத்திலும் புள்ளி எடுப்பது ஒரே அளவு சுலபமா? கையில் பேனை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு விளங்குவதற்காக நானே எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாடம் கடினமானது. நாடு முழுவதும் அதை எழுதியவர்களின் சராசரி 35. பிள்ளைகளின் புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் ஓர் எண்ணால் சொல்லலாம்; அதை நியம விலகல் என்கிறோம். அது 20 என்று வையுங்கள். இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை 55 எடுக்கிறாள். சராசரியைவிட 20 கூட. அந்த 20ஐ நியம விலகலான 20ஆல் வகுத்தால் 1. இதுதான் அந்தப் பாடத்தில் அவளுடைய இசட் புள்ளி.

இன்னொரு பாடம் சற்று இலகுவானது. சராசரி 60, நியம விலகல் 15. அதில் ஒரு பையன் 75 எடுக்கிறான். சராசரியைவிட 15 கூட. 15ஆல் வகுத்தால் அவனுக்கும் 1. அவளுடைய 55உம் இவனுடைய 75உம் இங்கே சமமாகிவிடுகின்றன. தன் பாடத்தை எழுதிய கூட்டத்துக்குள் அவள் எந்த இடத்தில் நிற்கிறாளோ, தன் கூட்டத்துக்குள் அதே இடத்தில்தான் அவனும் நிற்கிறான். இப்படி மூன்று பாடங்களுக்கும் கண்டு, மூன்றின் சராசரியை எடுத்து, நான்கு தசம தானங்களில் அச்சிடுகிறார்கள்.

ஆகவே பூச்சியம் என்றால் பிள்ளை ஒன்றுமே எழுதவில்லை என்று பொருளில்லை. நடுவில் நிற்கிறாள் என்று பொருள். பூச்சியத்துக்கு மேலே போனால் சராசரியைத் தாண்டிவிட்டாள். அந்தத் தகப்பனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்: "உங்கள் மகள் நாட்டுச் சராசரிக்கு மேலே நிற்கிறாள்." அவர் கடதாசியைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார். அதன் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

தாய் தகப்பன்மாரே, அந்த எண்ணை வைத்துப் பிள்ளையை ஏசுவதற்கு முன்னர் அதை வாசிக்கப் பழகுங்கள். தாளில் மாவட்டத் தரமும் அகில இலங்கைத் தரமும் இருக்கும், அவற்றையும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கலைப்பிரிவில் எடுத்த எண்ணோடு உங்கள் பிள்ளை கணிதப்பிரிவில் எடுத்ததை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அந்த ஒப்பீட்டில் ஒரு பொருளும் இல்லை.

இந்த முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஊரில் இன்னும் சிலர் இதைத் 'தரப்படுத்தல்' என்று சொல்லக் கேட்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. என் தலைமுறைக்கு அது மறக்கக்கூடியதல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தை வைத்துப் புள்ளிகளைச் சரிக்கட்டினார்கள். மருத்துவ பீடத்துக்குப் போக, தமிழ் மொழிமூலம் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 250 தேவைப்பட்டது. சிங்கள மொழிமூலம் எழுதிய பிள்ளைக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அந்த 21 புள்ளிகள் எத்தனை வீடுகளைக் கசக்கிப் பிழிந்தன என்பதை நான் கண்ணால் கண்டவன். இசட் புள்ளி அதுவல்ல. இது பாடத்தைப் பார்க்கிறது, மொழியைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பழைய அநீதியும் விளங்காமல் போகும், புதிய கணக்கும் விளங்காமல் போகும்.

கணக்கு நல்லது என்பதற்காக அதைக் கையாளும் கை பிழைக்காது என்றும் சொல்ல முடியாது. 2011இல் புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியவர்களும் இருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு வினாத்தாள்கள், வெவ்வேறு கூட்டங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டுவிட்டார்கள். நெட்டையர் கூட்டத்தின் சராசரி உயரத்தை வைத்துக் குட்டையர் கூட்டத்தை அளப்பதுபோல் ஆகிவிட்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 ஜூன் மாதத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும்படி உத்தரவு வந்தது. அதுவரை பிள்ளைகள் எங்கே சேருவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள்.

இனி, எனக்கு மனவருத்தம் தருகின்ற இடத்துக்கு வருகிறேன்.

இடங்களைப் பங்கிடும்போது 40 வீதம் வரை நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதம் வரை மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பிரிகிறது. 5 வீதம் வரை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, மொனராகலை போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்பிலே ஆய்வுகூடத்தோடு படிக்கிற பிள்ளையும் மொனராகலையிலே ஆசிரியர் இல்லாமல் படிக்கிற பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்பதை இந்தப் பங்கீடு ஏற்றுக்கொள்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கண் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாண மாவட்டம் என்றால் அதற்குள் நகரின் பெரிய கல்லூரிகளும் இருக்கின்றன, நெடுந்தீவும் இருக்கிறது, வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களும் இருக்கின்றன. நகரத்துப் பிள்ளை பாடசாலை விட்டதும் சைக்கிளை மிதித்து ரியூட்டரிக்குப் போகிறான். ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியரிடம் போகிறவனும் உண்டு. தீவுப் பிள்ளைக்கு வள்ளம் வேண்டும். கடல் கொந்தளித்தால் வள்ளமும் இல்லை. இருவருக்கும் வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் போகத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, ஒன்றுதான்.

அந்த மகளின் தாளை நான் விரிவாகப் பார்த்தேன். இரசாயனவியல் பி, பௌதிகவியல் சி, இணைந்த கணிதம் எஸ். கணிதத்தில் ஏன் சறுக்கினாள் என்று கேட்டேன். அவர்களுடைய பாடசாலைக்கு வந்த கணித ஆசிரியர் ஐந்தாம் மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பிறகு ஆள் வரவில்லை. மிச்சப் பாடத்திட்டத்தை இவள் கடந்தகால வினாத்தாள்களை வைத்துத் தானே படித்திருக்கிறாள். இணைந்த கணிதத்தில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். பகுதி 'அ'வில் பத்துச் சிறு வினாக்கள், பகுதி 'ஆ'வில் ஏழில் ஐந்து. பகுதி 'அ'வைச் செய்துவிட்டாள். 'ஆ'வில் இயக்கவியல் வினாவைத் தொட ஆள் காட்டித்தர வேண்டும். தனியே படித்து வராது. முப்பத்தொரு வருடம் அதைப் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வராது.

எனக்கு 90களின் மாணவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் நூல்திரி கோத்து விளக்குச் செய்வார்கள். கொப்பியின் ஒரு பக்கத்துக்குத்தான் வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகள் எழுதிய அதே வினாத்தாளை எழுதினார்கள். நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இன்று யோசிக்கும்போது, அந்தப் பெருமைக்குள் ஒரு பிழையும் இருந்தது என்று படுகிறது. விளக்கில்லாமல் படித்துக் காட்டினவர்களைப் பாராட்டினோமே தவிர, விளக்கில்லாததால் விழுந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

இசட் புள்ளிக்கு விளக்கும் தெரியாது, வள்ளமும் தெரியாது. தெரிய வேண்டிய வேலையும் அதற்கில்லை. தெரிய வேண்டியவர்கள் ஆசிரியர்களைப் பங்கிடுகிற அதிகாரிகள். வெட்டுப்புள்ளியை எப்படி மாற்றலாம் என்று பல ஆண்டுகளாக விவாதிக்கிறோம். அதற்கு முன்னர், உயர்தர கணிதப்பிரிவு நடத்துகிற ஒவ்வொரு பின்தங்கிய பாடசாலையிலும் ஒரு கணித ஆசிரியர் முழுதாக இரண்டு ஆண்டு இருக்கட்டும். இடமாற்றம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள். அந்த ஆசிரியர் தங்குவதற்கு ஓர் அறையும், வீட்டுக்குப் போய்வர வள்ளக் கட்டணமும் கொடுங்கள். சலுகைப் புள்ளி எதுவும் நான் கேட்கவில்லை, ஆள் கேட்கிறேன். என்னைப்போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிழமையில் ஒருநாள் வரச்சொல்லிக் கேட்டால் மறுக்காதவர்கள் அவர்களுக்குள் நிச்சயம் இருப்பார்கள்.

அன்று தகப்பன் புறப்படும்போது இன்னொரு கேள்வி கேட்டார்: "பொறியியலுக்கு இது போதாது என்கிறார்கள். இன்னொரு தரம் எழுதலாமா, சேர்?" எழுதலாம். முதல் மூன்று தடவைக்குள் எடுக்கும் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். அழுதுகொண்டு வந்த பிள்ளை கொப்பியையும் கொண்டு வந்திருக்கிறாள்.

இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். வள்ளம் ஓடாத சனிக்கிழமைகளில் கணக்கைச் செய்து, தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறாள். சென்ற கிழமை வந்தது இயக்கவியல் வினா, 'ஆ' பகுதியில் உள்ளது. இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்திய வரியில் சய (−) என்று வரவேண்டிய குறி சக (+) என்று விழுந்திருந்தது. மிச்சமெல்லாம் சரி.

நன்றி, வணக்கம்.